எவ்வளவு வெயில்னு கேக்காதீங்க, எப்போ வெயில்னு கேளுங்க

சீசன் ஆரம்பிச்சாச்சு. கொடைக்கானல் ரோட்டுல வண்டி நகராம நிக்குது. எங்க கிராமம் வரைக்கும் வந்துட்டுத் திரும்புற கார்களைப் பார்த்தா, பின் சீட்டுல கருப்புக் கவர்ல ஒரு ஹைட்ரேஞ்சியா செடி உக்காந்திருக்கும். சின்ன முட்டைகோஸ் அளவுக்கு நீலமா, உருண்டையா பூ. பார்த்தா யாருக்கும் வாங்கத் தோணும். வாங்கினவங்க கேக்குறது ஒரே கேள்வி: "இதுக்கு எவ்வளவு வெயில் வேணும்?" விக்கிறவங்க சொல்ற பதிலும் ஒண்ணுதான்: "நிழல்ல வைங்க, போதும்."

கேள்வியும் பத்தாது, பதிலும் பத்தாது என்பது என் கருத்து. அந்த ஒரு வரிப் பதிலை நம்பி வருஷா வருஷம் எத்தனையோ செடி சாகுது. செடி செத்தா அந்த வீட்டம்மா தன் கைராசியைக் குறை சொல்லிக்கிறாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அதனால இந்த விஷயத்தைக் கொஞ்சம் விலாவாரியா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் பூ விவசாயி இல்லை. பூண்டு, கேரட், பீன்ஸ் போடுறவன். ஆனா எங்க வீட்டைச் சுத்தி இந்தச் செடி இருபத்தஞ்சு வருஷமா நிக்குது. அம்மா இதை 'பந்துப் பூ'ன்னுதான் சொல்லுவாங்க. ஒரே தாய்ச்செடியில இருந்து ஒடிச்ச குச்சிகளைத்தான் வீட்டுக்கு மூணு பக்கமும் நட்டாங்க. தெற்குப் பக்கம் மாட்டுக்கொட்டகை, அங்க மட்டும் இல்லை. ஒரே செடி, ஒரே மண், ஒரே தொழு எரு. ஆனா மூணு பக்கமும் மூணு மாதிரி வளருது. கிழக்கே இருக்கிறது இடுப்பளவு புதரா, பூ நிறைஞ்சு நிக்கும். வடக்கே வாட்டில் மரங்களுக்கு அடியில இருக்கிறது ஆள் உயரம் போயிருக்கு, இலை கரும்பச்சை, பூ வருஷத்துக்கு ரெண்டோ மூணோ. மேற்கே ஒரு பேரிக்காய் மரம் இருக்கு. அதோட நிழல்ல இருக்கிற செடிகள் நல்லா இருக்கு. நிழல் முடியுற இடத்துக்கு அப்பால இருக்கிற ரெண்டு செடிக்கு மட்டும் இலை ஓரம் கருகி, பூ பத்து நாள்ல பழுப்பாயிடும்.

இதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். மீதியைச் சொல்றேன்.

முதல்ல இலையைப் பாருங்க. உள்ளங்கை அகலம், சிலது அதைவிடப் பெருசு. அவ்வளவு பெரிய இலை வழியா தண்ணி ஆவியா போய்க்கிட்டே இருக்கும். உச்சி வெயிலும் காத்தும் சேர்ந்தா, வேர் இழுக்கிற வேகத்தை விட இலை விடுற வேகம் கூடிடும். அப்பத்தான் செடி தலையைத் தொங்கப்போடும். இதைப் பார்த்துட்டு நம்மாளுங்க ஓடிப்போய் ஒரு குடம் தண்ணி ஊத்துவாங்க. அவசரப்படாதீங்க. சாயங்காலம் தானா நிமிர்ந்துட்டா வேர்ல ஈரம் இருக்குன்னு அர்த்தம். விடிஞ்சு பார்க்கும்போதும் தொங்கிட்டு இருந்தாத்தான் அது தண்ணிப் பஞ்சம். மதியம் மதியம் தண்ணி ஊத்தியே வேர் அழுகிச் செத்த செடிகள் நிறைய.

இதனாலதான் 'நிழல் செடி'ன்னு பேர் வந்துச்சு. ஆனா பூ பிடிக்கணும்னா செடி சோறு ஆக்கணும். சோறு ஆக்க வெளிச்சம் வேணும். முழு நிழல்ல வெச்சா இலை பெருசா, பார்க்கச் செழிப்பா இருக்கும், மொட்டு மட்டும் வராது. எங்க வடக்குப் பக்கச் செடி மாதிரி. ஆக, வெயிலும் வேணும், வெயில் ஆகவும் ஆகாது. இந்த முரண்பாட்டுக்கு ஒரே விடை நேரம்தான்.

காலை எட்டு மணியில இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் நாலு மணி நேரம். மதியம் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நாலு மணி நேரம். கடிகாரத்துல ரெண்டும் ஒண்ணுதான். செடிக்கு ஒண்ணு இல்லை. ராத்திரி முழுக்க வேர் தண்ணி இழுத்து, விடியும்போது இலை நிறைஞ்சு நிக்கும். காலைக் காத்துல ஈரம் இருக்கும், மண்ணு குளிர்ந்திருக்கும். அந்த நேரத்து வெயிலை இலை முழுசா பயன்படுத்திக்கும். மதியத்துக்கு மேல மண்ணும் சுவரும் சூடேறி, காத்து காய்ஞ்சு, இலையும் ஏற்கனவே களைச்சுப் போயிருக்கும். அதே வெயில் அப்போ தண்டனை.

எங்க உயரத்துல, அதாவது 2000 மீட்டரை ஒட்டி, காலை வெயில் நாலு மணி நேரம் கிடைச்சா நல்லா பூக்கும். அஞ்சு, ஆறுகூட தாங்கும். ரெண்டு மணி நேரத்துக்குக் கீழே போனா இலைதான் மிஞ்சும். மதியம் ஒரு மணிக்கு மேல நேர் வெயில் படக்கூடாது. இது நான் சொல்றது கடைகள்ல சாதாரணமா கிடைக்கிற உருண்டைப் பூ வகைக்கு. கூம்பு மாதிரி வெள்ளைப் பூ விடுற வகை ஒண்ணு இருக்கு, அது இன்னும் அதிக வெயில் தாங்கும்.

இந்தச் செடியோட சொந்த ஊர் ஜப்பான். அங்க ஜூன் மாச மழைக்காலத்துப் பூ இது. காமகுரா ஊர்ல மெய்கெட்சு-இன் என்ற கோயில் இந்தப் பூவுக்கே பேர் போனது. மழையும் மேகமும் கலந்த வெளிச்சத்துல பூத்துப் பழகின செடிக்கு எங்க மலை பிடிச்சுப் போனதுல ஆச்சரியமில்லை. இங்கயும் பல நாள் காலையில பளிச்சுன்னு இருக்கும், மதியத்துக்கு மேல மேகம் இறங்கிடும். அதனால மலையில கிழக்கு வெயிலை விட்டுட்டா வேற வெயில் கிடைக்கும்னு நம்ப முடியாது. மேற்கே நட்டா, மேகம் இறங்குற நாள்ல வெயிலே இருக்காது, இறங்காத நாள்ல மொத்தமா அடிக்கும்.

இப்போ திசை விஷயம். இங்கிலாந்து, அமெரிக்காக்காரங்க எழுதின தோட்டப் புத்தகத்துலயும் வீடியோவுலயும் "வீட்டுக்கு வடக்குப் பக்கம் நடுங்கள், நிழலாக இருக்கும்"னு வரும். அவங்க ஊருக்கு அது சரி. அங்க வருஷம் பூராவும் மதியச் சூரியன் தெற்கேதான் நிக்கும், வடக்குச் சுவருக்கு உச்சி வெயில் படாது. நம்ம ஊர் அப்படியா? கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிதான். சித்திரை பிறந்ததும் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்து, பிறகு வடக்கே சாய்ஞ்சிடும். ஆவணி பத்து வாக்குலதான் மறுபடி தலைக்கு நேரா வந்து தெற்கே போகும். ஆக, சித்திரையில இருந்து ஆவணி பாதி வரைக்கும் வடக்குச் சுவருக்குத்தான் மதிய வெயில். செடி பூத்து நிக்கிற மாசங்களும் அதுவே.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10 அடி சுவர் ஒண்ணு இருக்கு. மார்கழி முதல் வாரத்துல உச்சி நேரத்துக்கு அதோட நிழல் வடக்கே ஆறரை அடி விழும். ஆனி முதல் வாரத்துல அதே சுவரோட நிழல் தெற்கே விழும், அதுவும் ரெண்டேகால் அடிதான். மார்கழியில் வடக்குச் சுவரோரம் நிழல்னு நம்பி நட்டவர் ஆனியில் என்ன பண்ணுவார்? கிழக்கு ஒண்ணுதான் எந்த ஊருக்கும், எந்த மாசத்துக்கும் மாறாதது. காலையில வெயில், மதியத்துக்கு மேல வீடே குடை. வெளிநாட்டுப் புத்தகம் படிக்கிறவங்க படிங்க, ஆனா திசையை மட்டும் உங்க வாசல்ல நின்னு முடிவு பண்ணுங்க.

நிழல்லயும் ரகம் இருக்கு. சுவர் நிழல் வெட்டின மாதிரி வரும், வெட்டின மாதிரி போகும். சுவர் மேற்கு பார்த்து, அதுக்கு வெள்ளையும் அடிச்சிருந்தா வெயிலைத் திருப்பிச் செடி மேலயே அடிக்கும். யூக்கலிப்டஸ், வாட்டில் நிழல் வெறும் நிழல் இல்லை, கூடவே வேர் போட்டி. செடிக்கு ஊத்துற தண்ணியில பாதியை அதுவே குடிச்சிடும். பச்சை வலை இப்போ எல்லாரும் கட்டுறாங்க. 75 சதவீத வலைன்னா 75 சதவீத வெளிச்சத்தை அது மறைச்சிடும்னு அர்த்தம். கால்பங்குதான் செடிக்கு வரும். அது காலை வெயில், மதிய வெயில்னு பிரிச்சுப் பார்க்காது, ரெண்டையும் ஒரே மாதிரி தடுக்கும். வலை கட்டியே ஆகணும்னா 50 சதவீத வலையை மேற்குப் பக்கமா மட்டும் சாய்ச்சுக் கட்டுங்க, கிழக்கைத் திறந்து விடுங்க.

இருக்கிறதுலயே நல்ல நிழல் பேரிக்காய் மரத்து நிழல்தான். இலை நெருக்கமா இருக்காது, வெயில் சல்லடையில சலிச்ச மாதிரி இறங்கும். கோடையில இலை இருக்கும், நிழல் கொடுக்கும். மார்கழி ஒட்டி இலையைக் கொட்டிடும், அப்போ வெயில் உள்ள வரும். கொட்டின இலையே அடியில மூடாக்கா கிடக்கும். பனி விழுற மாசத்துக்கு மட்டும் அது உதவாது, பழைய சாக்கைப் போட்டு ராத்திரி மூடிடுவோம். உறைபனி பட்டா நுனி மொட்டு கருகிடும், அப்புறம் அந்த வருஷம் பூ இல்லை.

இன்னொண்ணு. வெயில் பண்ணாத குத்தத்துக்கெல்லாம் வெயிலைக் குறை சொல்றோம். பூ நிறம் நீலத்துல இருந்து ரோஸ் ஆயிடுச்சுன்னா அது வெயிலால இல்லை, மண்ணால. புளிப்பு மண்ணுல அலுமினியம் கரைஞ்சு செடிக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு ஏறினா அது கிடைக்காது, ரோஸ் ஆகும். எங்க பூண்டுக் காட்டுக்கு டோலமைட் போடுறப்ப வரப்போரம் இருக்கிற செடி நிறம் மாறுறதை நாங்களே பார்க்கிறோம். புதுசா சிமெண்ட் பூசின சுவர் ஓரத்துலயும் இதே கதைதான். வெள்ளைப் பூ வகை மட்டும் எந்த மண்ணுக்கும் மசியாது.

அதே மாதிரி, வெயில் சரியா இருந்தும் பூக்கலைன்னா கவாத்தைச் சந்தேகப்படுங்க. இந்த வகை போன வருஷத்துக் குச்சியிலதான் மொட்டு வெச்சிருக்கும். சீசனுக்கு முன்னாடி "சுத்தம் பண்றேன்"னு எல்லாத்தையும் ஒட்ட வெட்டினா பூவையே வெட்டின மாதிரி. பூ முடிஞ்ச கையோட வெட்டிடணும். வெட்டினதை ஆடு மாட்டுக்குப் போட்டுடாதீங்க, இந்தச் செடி முழுக்க விஷம்.

இப்போ நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

எங்க தெருவுல ஒரு அண்ணன் போன வருஷம் வீட்டுக்குப் பக்கத்துல நாலு ரூம் கட்டினார், டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட. கார் நிறுத்த இடம் வேணும்னு மேற்குப் பக்கம் நின்ன ரெண்டு பேரி மரத்தை வெட்டினார். அவங்க அப்பா வெச்ச மரம். அப்புறம் அந்த இடத்துல மேற்கு பார்த்த வெள்ளைச் சுவர் எழுப்பி, ஃபோட்டோவுக்கு அழகா இருக்கும்னு நாப்பது ஹைட்ரேஞ்சியா தொட்டி வாங்கி வரிசையா வெச்சார். ஒரே மாசம். இலையெல்லாம் அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. பச்சை வலை கட்டினார். வலைக்குள்ள இருக்கிற பூவை யாரு ஃபோட்டோ எடுப்பா? வலையைப் பிரிச்சார். மிச்சமும் போச்சு.

நான் கேட்டேன், "அண்ணே, மரத்தை விட்டுட்டு ரூமைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாமே?"

"தம்பி, ஒரு மரத்துக் காயை மொத்தமா வித்தா எவ்வளவு வரும்? சீசன்ல ஒரு ராத்திரி ரூம் வாடகைக்கு ஈடாகுமா? நீயே சொல்லு."

ஈடாகாது. அதை நான் மறுக்கல. பேரிக்காயைப் பறிச்சு, பெட்டி கட்டி, வத்தலக்குண்டு வரைக்கும் வண்டி வாடகை கொடுத்து இறக்கினா கையில நிக்கிறது என்னன்னு எனக்கும் தெரியும். பூண்டு விலை விழுந்த வருஷம் நானும் ரெண்டு ரூம் கட்டலாமான்னு யோசிச்சவன்தான். அதனால ரூம் கட்டுறவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனா கணக்கை முழுசாப் போடணும்னு மட்டும் சொல்வேன். அண்ணன் மரத்துக்குக் காய் விலை மட்டும் போட்டார். நிழலுக்கு விலை போடல. அந்த நிழலைத் திரும்ப வாங்க வலை வாங்கினார், கம்பி வாங்கினார், தண்ணி ஊத்த ஆள் போட்டார். நாப்பது தொட்டியும் போச்சு. இப்போ அந்த ரூம்கள்ல மதியம் மூணு மணிக்கு ஃபேன் போடுறாங்க. கொடைக்கானல் மலையில ஃபேன்! காய் விக்கிற மரம்னு நினைச்சு வெட்டினது, வீட்டுக்கே குடையா நின்ன மரம். வெட்ட ஒரு காலைப் பொழுது. அந்த அளவு நிழல் மறுபடி வர பதினஞ்சு இருபது வருஷம் ஆகும்.

ஒரு செடிக்காக மரத்தை விடச் சொல்றேன்னு நினைக்காதீங்க. ஹைட்ரேஞ்சியா சீக்கிரம் காட்டிக் கொடுக்கிற செடி, அவ்வளவுதான். அது வாடுற இடத்துல மாடு நிக்காது, திண்ணையில மனுஷன் உக்கார மாட்டான். அது சௌக்கியமா இருக்கிற இடத்துல நமக்கும் சௌக்கியம்.

அடுத்தது, கீழ இருந்து வர்றவங்களுக்கு.

மதுரையில இருக்கிற என் அத்தை மகள் மூணு வருஷமா வரும்போதெல்லாம் செடி வாங்கிட்டுப் போவா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் கழிச்சு போன் வரும். "எனக்குக் கைராசி இல்ல மச்சான், வெச்சதெல்லாம் போயிடுது." அவ வீட்டு மாடியில மல்லியும் செம்பருத்தியும் கொட்டிக் கிடக்கு. அவளுக்கா கைராசி இல்லை?

1000 மீட்டர் ஏறினா வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். எங்க ஊருக்கும் மதுரைக்கும் 12 டிகிரி வித்தியாசம் அதுலயே வந்துடும். மதுரையில பகல் வெயிலை நிழல்ல வெச்சுக்கூட சமாளிச்சிடலாம். ராத்திரியை என்ன பண்றது? இந்தச் செடி மொட்டு வெக்கணும்னா சில வாரமாவது குளிர்ந்த ராத்திரி வேணும். வாங்கிட்டுப் போற பூ எங்க குளிர்ல வெச்ச மொட்டு. அது முடிஞ்சா அடுத்த மொட்டு அங்க வர வழியில்லை. செடி சில மாசம் இலையா நிக்கும், பங்குனி, சித்திரையில போயிடும். இதுல கையும் இல்லை, ராசியும் இல்லை.

உருண்டையா பூ வேணும்னா சமவெளிக்காரங்களுக்கு இட்லிப் பூ இருக்கு. நல்ல வெயில்ல பந்து பந்தா பூக்கும், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு நிறமும் உண்டு. நம்ம நாட்டுச் செடி, நம்ம வெயில் தெரிஞ்ச செடி. ஹைட்ரேஞ்சியா பார்க்க ஆசையா இருந்தா மலைக்கு வாங்க, பார்த்துட்டுப் போங்க. மூணாறு, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு இருக்கிறவங்க தாராளமா வாங்கி நடுங்க.

செடி விக்கிற எங்க ஊர்க்காரங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சீசன் ரெண்டு மாசம்தான், அதுலதான் வருஷத்துச் செலவைப் பார்க்கணும், தெரியும். "எந்த ஊரு, வாசல் எந்தப் பக்கம்?"னு கேட்டா வியாபாரம் போயிடும்னு ஒரு அக்கா என்கிட்டயே சொன்னாங்க. நாலு செடி குறையலாம். ஆனா ஒரு அட்டையில் "இது குளிர் ஊர்ச் செடி. காலை வெயில் வேண்டும், மதிய வெயில் ஆகாது"னு எழுதித் தொங்கவிட என்ன செலவு? கேட்டு வாங்கினவங்க செடி பிழைச்சா அடுத்த வருஷம் உங்ககிட்டதான் வருவாங்க. செத்தா, மலைச் செடின்னாலே ஏமாத்துன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க.

நட நினைக்கிற மலைக்காரங்களுக்குக் கடைசியா ஒரு வேலை. குழி தோண்டுறதுக்கு முன்னாடி, வெயில் அடிக்கிற ஒரு நாள், அந்த இடத்துல ஒரு குச்சியை நட்டு வைங்க. எட்டு, பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு மணிக்கு அதுக்கு வெயில் படுதான்னு மட்டும் பாருங்க. முதல் மூணுக்கும் ஆமா, கடைசி ரெண்டுக்கும் இல்லைன்னா அதுதான் இடம். சித்திரைக்கு மேல ஒரு தடவை, மார்கழியில ஒரு தடவை பார்த்துட்டா இன்னும் நல்லது. அஞ்சு பைசா செலவில்லை.

ரூம் கட்டுறவங்க கட்டுங்க. மரம் எடுத்தே ஆகணும்னா, எடுக்கிற வரிசையில மேற்குப் பக்க மரத்தைக் கடைசியா வைங்க. முடிஞ்சா அது ஒண்ணையாவது விட்டுடுங்க.